உள்ளங்கால் மஞ்சள்

மேஸ்திரி ஷேடுக்குத் தர வேண்டியிருந்தது ஒன்பதரை நாள் கூலி. ஷேடு அதை எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. வாசற்கதவை ஒட்டிய சுவரில், இடுப்பு உயரத்தில், பென்சிலால் ஒன்பது கோடும் ஓர் அரைக்கோடும் கிழித்து வைத்திருந்தான். முப்பது வயதைத் தாண்டித்தான் அவனுக்கு எழுத்துக் கூடி வந்தது. வந்த பிறகும், உழைத்ததைக் கோடாகப் பார்த்தால்தான் அவனுக்கு நம்பிக்கை.

ஷேடு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவன் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவன். கடைக்காரர் கலர் அட்டையை விரித்து நம்பரைத் தேடுவதற்குள் பழைய சுவரை ஒரு பார்வை பார்த்து, "வெள்ளையில ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு காவி" என்று சொல்லிவிடுவான். கலந்து பூசினால் ஒட்டுப்போட்ட இடம் எதுவென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. கூட்டாளிகள் அதற்காக வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

கூலி கேட்டுப் போன அன்று மேஸ்திரி கையை விரித்தார்.

"வீட்டுக்காரன் எனக்கே டேக்கா குடுத்துட்டான்டா. மஞ்சள்தான் வேணும்னான், வாங்கி அடுக்கினேன். இப்ப பச்சை வேணுமாம். நாலு டப்பா அப்படியே கிடக்கு. நீ தூக்கிட்டுப் போய் உன் வீட்டுக்கு அடிச்சுக்க. பொண்டாட்டி மாசமா இருக்கா, புள்ளை வர்ற வீடு பளிச்சுனு இருக்கட்டும். இதைக் கூலியில கழிக்க மாட்டேன், போதுமா?"

சும்மா வந்த டப்பா. வேகவைத்த முட்டையின் நடுவில் இருக்குமே, அந்த மஞ்சள். இருப்பதோ ஒரே அறை. மூன்று கைப் பூசினான். கூரையின் உள்பக்கம், அலமாரி, கதவின் பின்பக்கம் எதையும் விடவில்லை. ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்த தோள் வலிக்க வலிக்கத் தன் வீட்டுக்கு அடித்தது அதுதான் முதல் தடவை. காய்ந்ததும் முதல் வேலையாகப் பென்சிலை எடுத்து, அதே இடத்தில் கோடுகளை மறுபடி கிழித்தான். டப்பா டப்பாதான், கூலி கூலிதான்.

ஒரு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. நாலு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. இரண்டாம் நாளே தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று பிடித்த தூறல் விடவேயில்லை. ஈரக்காற்று பிள்ளைக்கு ஆகாது என்று ஜன்னலைச் சாத்தி, பகலிலேயே குண்டு பல்பைப் போட்டு வைத்தார்கள். மஞ்சள் சுவர், மஞ்சள் கூரை, மஞ்சள் பல்பு. அந்த அறைக்குள் யார் வந்தாலும் தங்கமாகத் தெரிந்தார்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவிலிருந்து ஷேடின் அக்கா வந்திருந்தாள். "பாருடா தம்பி, தங்கக்கட்டி! உன் பொண்டாட்டி மாதிரி கறுக்கலை, என்னை மாதிரி" என்றாள்.

"உங்களை மாதிரியா அண்ணி? நீங்க எப்ப தங்கமா இருந்தீங்க?" என்றாள் ஷேடின் மனைவி, படுத்தபடியே.

"இப்ப இந்த ரூமுல இருக்கேன் பாரு."

பிள்ளை அழவில்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிட்டது. தொந்தரவு தராத பிள்ளை என்று மூன்று பேருக்கும் பெருமை.

ஐந்தாம் நாள் காலை, வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் வந்தாள். தோளில் அவளைவிடப் பெரிய பை. அதனால் அந்தத் தெருவில் அவளுக்குப் பை சிஸ்டர் என்று பெயர். குடையை மடக்கி வாசலில் சாய்த்தவள், உள்ளே ஓர் அடி வைத்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருங்க இந்தக் கலரை அடிச்சது?"

"நான்தாங்க சிஸ்டர்" என்றான் ஷேடு. பாராட்டப்போகிறாள் என்று நினைத்தான்.

"நல்லா அடிச்சிருக்கீங்க. குழந்தையைத் தூக்கிட்டு வாசலுக்கு வாங்க."

"வெளியில தூறுதே" என்றாள் அக்கா.

"நனைய வேண்டாம்மா, வாசற்படி போதும். எனக்கு வானத்து வெளிச்சம் வேணும்."

வாசற்படியில் உட்கார்ந்து பை சிஸ்டர் குழந்தையின் துணியைப் பிரித்தாள். ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியை மெல்ல அழுத்தி எடுத்தாள். ரத்தம் விலகி விரல்பட்ட இடம் ஒரு கணம் வெளிறியது. அந்த வெளிறலுக்கு அடியில் மஞ்சள். பிறகு நெஞ்சு. பிறகு வயிறு. பிறகு முழங்கால். ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி எடுத்து, கீழே இறங்கிக்கொண்டே போனாள். கடைசியாக உள்ளங்கால். அங்கும் மஞ்சள்.

"பால் எப்படிக் குடிக்கிறா?"

"தூங்கிடுறா சிஸ்டர். எழுப்ப மனசு வரல" என்றாள் தாய்.

"நேத்து எத்தனை துணி நனைச்சா?"

"மூணு."

பை சிஸ்டர் எழுந்துவிட்டாள். "மஞ்சள் தலையில ஆரம்பிச்சுக் காலுக்கு இறங்கும். இவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் வந்தாச்சு. இப்பவே கிளம்பணும். நான் வார்டுக்கு போன் பண்றேன், நீங்க ஒரு ஆட்டோ பாருங்க."

ஷேடு நகரவில்லை. பிள்ளையின் காலையும் கதவோரச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டும் ஒரே மஞ்சள். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் அவன் வாங்கிய முதல் திட்டே அதற்காகத்தான்: பல்பு வெளிச்சத்தில் கலர் சேர்க்காதே, வெளியே எடுத்துப்போய்ப் பார். இருபது வருடமாக ஒவ்வொரு டப்பாவையும் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தவன், பெற்ற பிள்ளையை ஒரு தடவை வாசலுக்குக் கொண்டுவரவில்லை.

"டேய், ஆட்டோவைக் கூப்பிடுடா!" என்று அக்கா முதுகில் ஒன்று வைத்தபோதுதான் ஓடினான்.

பச்சைக் குழந்தைகள் வார்டில் பெரிய சிஸ்டர் பொறுப்பாக இருந்தாள். குட்டையான உருவம், ரப்பர் செருப்பு, கையைக் கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல்கள். பை சிஸ்டர் போனில் சொல்லியிருந்ததால் படுக்கை தயாராக இருந்தது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தாள். அரை மணி நேரத்தில் நம்பர் வந்தது.

"இருபத்தொண்ணு புள்ளி எட்டு" என்றாள்.

"அது எவ்வளவுங்க?" என்றான் ஷேடு.

"நிறைய. இருபத்தஞ்சைத் தொட்டுட்டா விளக்கு போதாது, குழந்தையோட ரத்தத்தையே மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்லியாச்சு. நாலு மணிக்கு மறுபடி குத்திப் பார்ப்போம்."

"மாத்தலைன்னா?"

பெரிய சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. "அந்த மஞ்சள் மூளைக்குப் போச்சுன்னா காது கேக்காமப் போகலாம். கை கால் முறுக்கிக்கலாம். அதுக்கு விடக்கூடாதுன்னுதானே நாம எல்லாரும் இங்க நிக்கிறோம்? போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. முழங்கை வரைக்கும். நகத்துல என்ன அது, பெயிண்டா?"

"காவிங்க. போகாது."

"போற வரைக்கும் தேய்ங்க."

தேய்த்துவிட்டு வந்து நின்றபோது பிள்ளை நீல வெளிச்சத்துக்கு அடியில் கிடந்தது. உடம்பில் ஒரு நூல் கிடையாது. இடுப்பில் மட்டும் சின்னதாக மடித்துக் கட்டிய துணி, கண்ணுக்கு ஒரு கறுப்புப் பட்டை. மேலே ஒரு விளக்கு, கண்ணாடிப் படுக்கைக்கு அடியில் ஒரு விளக்கு, சுற்றிலும் தொங்கும் வெள்ளைத் துணி. பெரிய சிஸ்டர் விளக்குக்கும் பிள்ளைக்கும் இடையே டேப் வைத்து அளந்தாள். பிறகு உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றை வெளிச்சத்தில் நீட்டி எண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஷேடுக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த நீலத்தில் பிள்ளை மஞ்சளாகவே தெரியவில்லை. சாம்பலாக இருந்தது.

"சிஸ்டர், கலர் போயிடுச்சே!"

"போகலை. நீல விளக்குல எதுவும் தெரியாது. விளக்கை அணைச்சாத்தான் தெரியும்."

"சுத்தி எதுக்கு வெள்ளைத் துணி?"

"வெளிச்சம் பக்கவாட்டுல ஓடிடாம, திரும்பக் குழந்தை மேலயே அடிக்க."

"அப்ப வெள்ளைச் சுவர் மாதிரி" என்றான். "வெளிச்சம் எப்படிங்க மஞ்சளை எடுக்கும்? வெயில் பட்டு போர்டு வெளுக்குற மாதிரியா?"

பெரிய சிஸ்டர் அவனை அப்போதுதான் சரியாகத் திரும்பிப் பார்த்தாள். "கிட்டத்தட்ட. தோலுக்குள்ள இருக்கிற மஞ்சள் தண்ணியில கரையாது. வெளிச்சம் பட்டா கரையற மாதிரி மாறிடும். அப்புறம் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வழியா வெளிய போயிடும். அதனாலதான் பால் உள்ள போகணும், துணி நனையணும். நனைஞ்ச துணி ஒவ்வொண்ணையும் என்கிட்ட காட்டணும்."

தாயை உட்காரவைத்துப் பாலைப் பீய்ச்சச் சொல்லிக் கொடுத்தாள். தூங்கி வழியும் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி ஸ்பூனால் புகட்டினாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை குப்புறவும் மல்லாக்கவும் திருப்பிப் போட வேண்டும். காய்ச்சல் பார்க்க வேண்டும். தொங்கும் சீட்டில் குறிக்க வேண்டும். இப்படி அவளுக்கு அந்த அறையில் ஆறு பிள்ளைகள். அவள் உட்கார்ந்து பார்த்ததாக ஷேடுக்கு நினைவில்லை. டீயைக்கூட ஜன்னலோரம் நின்று மூன்று மடக்கில் முடித்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

மத்தியானம் ஷேடை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு துணை போதும். மனைவி பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் சுருண்டு படுத்ததும், துணைக்கு அக்கா உள்ளே போனாள். ஷேடு வராந்தாவில் ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, பிய்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

நாலு மணிக்கு நம்பர் வந்தது. இருபத்துமூன்று புள்ளி ஒன்று.

பெரிய சிஸ்டர் அதை இரண்டு தடவை படித்தாள். "ஏறக்கூடாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மீட்டரை எடுத்து விளக்கை மறுபடி அளந்தாள். சரியாக இருந்தது. பால் சீட்டைப் பார்த்தாள். சரியாக இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டாள். "ரெண்டு மணி நேரம் பார்க்கலாம்னு சொல்றார். அதுக்கு மேல காத்திருக்க முடியாது" என்று ஷேடிடமும் சொன்னாள். அவன் உள்ளே வந்து படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விளக்கை அணைக்கிறேன், ஒரு தடவை முழுசாப் பார்த்துடுவோம்" என்றாள் அவள்.

நீலம் போய் ஜன்னலிலிருந்து தூறல் நேரத்துச் சாம்பல் வெளிச்சம் பிள்ளைமேல் விழுந்தது. பெரிய சிஸ்டர் தோளை அழுத்திப் பார்த்தாள். ஷேடு குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான்.

"சிஸ்டர், இங்க ஓர் ஓரம் தெரியுது."

"என்ன ஓரம்?"

"கழுத்துக்குக் கீழ, இந்தா, நேரா ஒரு கோடு. மேல வெளுத்திருக்கு, கீழ வெளுக்கலை. தொடை வரைக்கும் அப்படியே இருக்கு. ஜன்னல் சட்டத்துல பெயிண்ட் படக்கூடாதுன்னு நாங்க டேப் ஒட்டுவோம். டேப்பை உரிச்சா இப்படித்தான் ஓரம் நிக்கும்."

பெரிய சிஸ்டர் முகத்தைப் பிள்ளைக்குக் கிட்டே கொண்டுபோனாள். கண்பட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் இருந்த மஞ்சளும் நெஞ்சில் இருந்த மஞ்சளும் ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் நெஞ்சிலும் வெளிச்சம் படவில்லை. நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் அக்கா நின்றிருந்தாள். கையில் ஒரு பூத்துண்டு, நாலாக மடித்தது.

"அம்மா, அந்தத் துண்டு எதுக்கு?"

அக்கா துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "குளிருமேன்னுதான்" என்றாள். "நீங்க அந்தப் பக்கம் போறப்ப போத்துவேன், வர்றப்ப எடுத்துடுவேன். பொம்பளப் புள்ளைய அம்மணமாப் போட்டு வச்சிருந்தா, பார்த்துட்டு எப்படிங்க சும்மா இருக்குறது?"

"விளக்கு உடம்பு மேல படணும்னு சொன்னேனே."

"மூஞ்சிதான் வெளிய தெரியுதே, அது போதும்னு நினைச்சேன்."

ஷேடின் மனைவி படுக்கையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். "அண்ணி!" என்றாள். அக்கா துண்டைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "என்னைத் திட்டு. அடிகூட அடி. புள்ளை மேல வச்ச ஆசையிலதான் செஞ்சேன்."

பெரிய சிஸ்டர் விளக்கைப் போட்டாள். நீலம் திரும்பி வந்தது. "திட்டுறதுக்கு நேரமில்லை. தப்பு என்மேலயும் இருக்கு. குளிராது, விளக்கே சூடு தரும், நான் காய்ச்சல் பார்த்துட்டுத்தான் இருக்கேன்னு உங்ககிட்ட விளக்கமாச் சொல்லலை. ஆறு குழந்தையைச் சுத்திட்டே உங்களைக் கவனிக்கவும் விட்டுட்டேன்." ஸ்டூல் ஒன்றை இழுத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் போட்டாள். "உட்காருங்கம்மா. இனிமே நீங்கதான் காவல். ஒரு ஈயோட நிழல்கூட இவ மேல விழக்கூடாது."

அக்கா உட்கார்ந்தாள். அப்புறம் அந்த அறையில் யாரும் விளக்கோரம் நெருங்க முடியவில்லை. டாக்டர் குனிந்தபோதுகூட, "சார், உங்க தலை மறைக்குது" என்றாள்.

ஆறு மணிக்குக் குத்திய ரத்தத்தின் நம்பருக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். பெரிய சிஸ்டரின் வேலை நேரம் முடிந்திருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆனால் போகாமல், போன் பக்கத்திலேயே நின்றாள். மணி அடித்ததும் எடுத்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இருபத்திரண்டு புள்ளி நாலு."

"இறங்கிடுச்சா?" என்றான் ஷேடு.

"இறங்க ஆரம்பிச்சிருக்கு. அதுதான் எனக்கு வேணும். ரத்தம் மாத்துறதை டாக்டர் நிறுத்தி வச்சுட்டார்." போகிறபோது, "அந்த ஓரம் எனக்குத் தெரியலைங்க" என்றாள். "நான் இருபது வருஷமா இதைப் பார்க்கிறேன்."

"எனக்கு மஞ்சளே வாசலுக்கு வந்தப்புறம்தாங்க தெரிஞ்சுது" என்றான் அவன்.

மறுநாள் காலை பதினெட்டு. பிள்ளை முதல் தடவையாக வீறிட்டு அழுதது. ஐந்து நாளும் அழாததற்குப் பெருமைப்பட்ட தாய், அந்த அழுகையைக் கேட்டுத் தானும் அழுதாள். அக்கா நனைந்த துணிகளைக் கையில் ஏந்திப் பெரிய சிஸ்டரிடம் வரிசையாகக் காட்டினாள். "எட்டாவது துணி சிஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது.

மத்தியானம் மேஸ்திரி வந்தார். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஷேடு, என் பெயிண்டாலயாடா வந்துச்சு? ஊரே அப்படிப் பேசுதுடா."

ஷேடு பெரிய சிஸ்டரைப் பார்த்தான்.

"பெயிண்டால வரலைங்க" என்றாள் அவள். "பிறந்த பிள்ளைகள் நிறையப் பேருக்கு மஞ்சள் வரும். வந்தது பெயிண்டால தெரியாமப் போச்சு."

மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வந்தது வேறு, தெரியாமல் போனது வேறு என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை. பிறகு, "வீட்டுச் சாவியைக் குடு" என்றார்.

"எதுக்கு?"

"குடுடா."

வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் நம்பர் பதினொன்றுக்கு வந்தது. விளக்கை நிறுத்திவிட்டு, மறுபடி ஏறுகிறதா என்று ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். ஏறவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தூறல் நின்றிருந்தது. கதவைத் திறந்தால் வீடு வெள்ளையாக இருந்தது. பெயிண்ட் வாசம் இல்லை. சுண்ணாம்பு. வழவழப்பான பெயிண்ட் மேல் சுண்ணாம்பு ஒட்டாது என்பது ஷேடுக்குத் தெரியும். ஒரு சுவர் விடாமல் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தரையைக் கழுவித் துடைத்து, அதற்கப்புறம் அடித்திருக்க வேண்டும். பிரஷ்ஷைத் தொட்டுப் பத்து வருடமான மேஸ்திரி, முழங்கை வரை வெள்ளையாக, விரல்களில் கொப்புளத்தோடு பின்வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"தனியாவா செஞ்சீங்க?"

"கூப்பிட்டா கூலி கேப்பானுங்க" என்றார் மேஸ்திரி. சட்டைப் பையிலிருந்து மடித்த பணத்தை எடுத்து நீட்டினார். "எண்ணிக்க. ஒன்பதரை நாள். சுவர் வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

ஷேடு எண்ணினான். சரியாக இருந்தது.

"உள்ள போய்ப் பாரு, கதவுகிட்ட ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன். அது உன் கணக்கு. நான் சுரண்டினா, மேஸ்திரியே அழிச்சுட்டான்னு நாளைக்கு நீ சொல்லுவே."

வெள்ளைச் சுவரில், கதவோரம், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பழைய மஞ்சள் நின்றது. அதன்மேல் ஒன்பது கோடும் அரைக்கோடும்.

அந்த நேரத்தில்தான் பை சிஸ்டர் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப நிம்மதியா இருக்கு."

"வெள்ளைதானே சிஸ்டர், இங்கயே பார்த்துடலாமே" என்றாள் ஷேடின் மனைவி.

"சுவர் எந்தக் கலரா இருந்தாலும் நான் வாசல்லதான் பார்ப்பேன். வாங்க."

மூக்கு, நெஞ்சு, வயிறு, முழங்கால். விரல் அழுத்தி அழுத்தி எடுத்தது. "மூக்குல கொஞ்சம் இருக்கு. தானாப் போயிடும். இருந்தாலும் நாளன்னைக்கு வார்டுக்குக் கொண்டு வாங்க, குத்திப் பார்த்துடுவோம். கண்ணை மட்டும் நம்ப மாட்டேன்."

"நானும்தாங்க" என்றான் ஷேடு. பிள்ளையை வாங்கி, வாசல் வெளிச்சம் படும்படி நின்று, அதன் உள்ளங்காலைச் சுவரில் மிச்சமிருந்த மஞ்சளுக்கு அருகே கொண்டுபோய்ப் பிடித்தான். கடையில் அட்டையைப் பிடிப்பதுபோல. மேஸ்திரியும் அக்காவும் எட்டிப் பார்த்தார்கள். கால் சிவந்திருந்தது. சுவர் மஞ்சளாக இருந்தது.

"ஒத்துவரலை" என்றான்.

பிள்ளை காலை உதறிக்கொண்டு வீறிட்டது. "யப்பா, என்ன சத்தம்! இது என்னை மாதிரிதான்" என்றாள் அக்கா.

"அதை ஒத்துக்கிறேன் அண்ணி" என்றாள் மனைவி.

ஷேடு பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, மேஸ்திரி மிச்சம் வைத்திருந்த சுண்ணாம்பில், பெயிண்ட்மேல் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் பசையைக் கலக்கி, பிரஷ்ஷை முக்கி, அந்த மஞ்சள்மேல் ஒரே இழுப்பாக இழுத்தான். ஈரச் சுண்ணாம்பு தண்ணீர் மாதிரி ஓடியது. மஞ்சளும் ஒன்பதரைக் கோடும் அதற்குள் அப்படியே தெரிந்தன.

"தெரியுதேடா" என்றார் மேஸ்திரி, கொஞ்சம் பதறி.

"காயட்டும்" என்றான் ஷேடு.

பை சிஸ்டர் சீட்டை எழுதி முடித்துப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள், சுவர் காய்ந்து வெளுத்துவிட்டது.